ஈரநெல்லை முன்வைத்து ஒரு கேள்வி: பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து நம் களத்துக்கு வந்து சேர்ந்தது எது?

வெட்டாற்றங்கரை
அக்டோபர் 11, இரவு 9:40

இன்று எங்கள் ஊர் ரோட்டில் அரை கிலோமீட்டருக்கு நெல் பரப்பிக் கிடந்தது. மதியம் மூன்று மணிக்கு மேகம் கூடியது. வீட்டில் இருந்த எல்லோரும் ஓடிப்போய் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டோம். அப்பாவின் குறுவை நெல் நேற்று மீட்டரில் 21 காட்டியது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். சில வருடங்களில் தளர்வு அறிவிப்பு வருகிறது. அது வருவதற்குள் குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறது, இரண்டு நாளில் முளை விட்டுவிடுகிறது.

நான் மெக்கானிக்கல் படித்தவன். புதுக் கண்டுபிடிப்புச் செய்திகளைக் கல்லூரிக் காலத்திலிருந்தே சேர்த்து வைக்கிறேன். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் கான்கிரீட்டுக்குள் பாக்டீரியாவையும் அதற்கான உணவையும் வைத்தார். விரிசலில் தண்ணீர் புகுந்ததும் அது விழித்து சுண்ணாம்பைச் சுரந்து அடைத்துக்கொள்கிறது. படிக்கும்போது மெய்சிலிர்த்தது. அதுவும் ஒரு கழிமுகத்து ஊர்தான்.

நம் கழிமுகத்தில் இன்னும் தார்ப்பாயை நம்பித்தான் நிற்கிறோம். அதனால் கேட்கிறேன். பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பிறந்த எந்தப் பொருள், எந்த எந்திரம் டெல்டாவில் உண்மையில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது? வராதது ஏன் வரவில்லை? நெல் உலர்த்துவதில் அனுபவம் உள்ளவர்கள் முதலில் எழுதினால் நல்லது.

கடைமடை விவசாயி
அக்டோபர் 11, இரவு 10:25

தம்பி, நான் திருத்துறைப்பூண்டி பக்கம். வயது அறுபத்து மூன்று. எங்கள் ஊருக்கு ஒரு முறை உலர்த்தும் எந்திரம் செயல்விளக்கத்துக்கு வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்பது இப்போது வேண்டாம். பந்தல் போட்டு, மாலை போட்டு, ஐந்து மூட்டை உலர்த்திக் காட்டினார்கள். நன்றாகவே காய்ந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த அறுப்பில் ஒரு பேரிங் போயிற்று. அந்த அளவு பேரிங் திருவாரூரில் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. எழுதிப் போட்டோம், பதில் இல்லை. நான்கு வருடம் கொட்டகையில் நின்றது, அப்புறம் ஒரு நாள் காணோம்.

கண்டுபிடித்தவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பழுது பார்க்க ஆள் இல்லாத எந்திரம் எங்களுக்கு எந்திரமே இல்லை.

ஆலையம்மா, பாபநாசம்
அக்டோபர் 12, காலை 6:50

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அரிசி ஆலை நடத்துகிறது. வராததைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். வந்ததைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் மாமனார் காலத்தில் புழுங்கலுக்கு நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுவார்கள். ஊறல் தொட்டி நாறும். சோற்றிலும் அந்த வாடை இருக்கும், அதைப் புழுங்கலின் குணம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது நெல் புளித்த வாடை. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுடுதண்ணீர் ஊறல் முறையைக் கண்டார்கள். சுமார் 70 டிகிரித் தண்ணீரில் மூன்று, மூன்றரை மணி நேரம். அப்புறம் ஆவி. கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் தனியாக ஒரு முறையை உருவாக்கியது. இன்று டெல்டாவில் எந்த ஆலைக்குள் போனாலும் உயரமான இரும்புத் தொட்டிகளைப் பார்ப்பீர்கள். அவை அந்த ஆய்வின் பிள்ளைகள்தான். யாரும் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

அந்த மைசூர் நிறுவனத்தின் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். ஓய்வுக்குப் பிறகு அவர் வந்து வேலை செய்த இடம் நம் திருவாரூர். 1967ல் அங்கே நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருந்தது. மழையில் நனைந்த நெல்லைக் கெடாமல் காப்பதுதான் அதன் பெரிய வேலை. உப்பும் உமியும் கலந்து ஈரநெல்லைக் காக்கும் முறை அங்கேதான் வந்தது. 1972ல் அது நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. பிறகு தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலைக்குப் போய், இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அதன் வேர் நம் ஈரநெல்தான். அதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, இன்னும் ரோட்டில் காய வைக்கிறோமே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

தரங்கை சிவில்
அக்டோபர் 12, காலை 11:15

ரோடு என்றதும் நான் வருகிறேன். பிளாஸ்டிக் ரோட்டை விட்டுவிட்டீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கியது. ஜல்லியை சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு ஜல்லியின் மேலும் மெல்லிய தோலாகப் படிகிறது. அதன் பிறகு தார். 2002ல் முதலில் கல்லூரி வளாகத்துக்குள் போட்டார்கள். 2018ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

தார் ரோட்டுக்கு எதிரி தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் தார் உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கிற நம் ஊர்களில் இது தினமும் கண்ணில் படுகிறது. பிளாஸ்டிக் தோல் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. பிவிசியை மட்டும் சேர்க்கக் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும்.

இது பரவியதற்குக் காரணம் என்ன தெரியுமா? புது எந்திரமே வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற தார் கலவை எந்திரத்திலேயே ஒரு கை கூடுதல் வேலை. கடைமடை ஐயா சொன்ன பேரிங் பிரச்சினை இதில் வரவே வராது.

இன்னொன்று எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். எங்கள் கடலோரத்தில் கட்டிய வீடுகளில் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. உப்புக் காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளை வழியாகக் கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே காரையைத் தள்ளிப் பெயர்த்துவிடும். என் சித்தி வீட்டுக் கூரை விழுந்தது இப்படித்தான், நல்ல வேளை யாரும் கீழே இல்லை. கட்டிக் கொடுத்தவர் மணலைச் சரியாகக் கழுவவில்லை என்பதும் காரணம்.

இதற்கு ஒரு புதுச் சிமெண்ட் வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவின் சாந்தா கிளாரா நகரில் இருக்கும் லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி, சென்னை ஐஐடி என்று பல இடங்களில் சேர்ந்து செய்த வேலை. எல்சி3 என்பார்கள். சிமெண்ட் சூளையில் 1450 டிகிரியில் வெந்து வரும் கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுண்ணாம்புக் கல், 5 பங்கு ஜிப்சம் சேர்க்கிறார்கள். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். நுண்துளைகள் அடைபடுவதால் குளோரைடு உள்ளே போவது வெகுவாகக் குறைகிறது. 2023ல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது, ஐஎஸ் 18189. நாகப்பட்டினத்திலிருந்து பழையாறு வரை கட்டப்படும் ஒவ்வொரு அரசு வீட்டிலும் இது கேட்கப்பட வேண்டிய சிமெண்ட் என்பது என் கருத்து.

மாயவரம் ஆய்வு மாணவி
அக்டோபர் 12, மாலை 7:30

சென்னையில் கட்டுமானப் பொருள் ஆய்வு செய்கிறேன், ஊர் மயிலாடுதுறை. தரங்கை அண்ணன் சொன்னதோடு உமிச்சாம்பலையும் சேர்க்க வேண்டும். அது நம் வீட்டுப் பொருள்.

ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பி. கே. மேத்தா 1970களில் இதைச் சிமெண்ட்டாக மாற்றும் வழியை ஆராய்ந்து காப்புரிமையும் பெற்றார். சூட்சுமம் சூட்டில் இருக்கிறது. சுமார் 700 டிகிரிக்குள் எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற வடிவத்தில், சுண்ணாம்போடு உடனே சேரத் துடிக்கிற நிலையில் கிடைக்கும். சூடு அதைத் தாண்டிப் போனால் படிகமாகிவிடும், அப்புறம் அது வெறும் மணல் மாதிரிதான்.

ஆலை கொதிகலனிலிருந்து வரும் கறுப்புச் சாம்பலை அப்படியே கலவையில் போட்டுவிடாதீர்கள். அதில் எரியாத கரி இருக்கும், தண்ணீரை அதிகம் குடிக்கும், பலம் குறையும். எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படிப் பூசி, சுவர் முழுக்க மயிர்க்கோடாக வெடித்தது.

ஆலையம்மா, பாபநாசம்
அக்டோபர் 12, இரவு 8:05

நாங்கள் அந்தக் கறுப்புச் சாம்பலை எடுத்துப் போக ஆளில்லாமல் தவிக்கிறோம் கண்ணு. காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப் போட முடியாது என்று சண்டை. அதை நல்ல சாம்பலாக எரிக்கிற அடுப்பு ஒன்று ஆலைக்கு ஏற்ற அளவில் வந்தால் முதல் ஆளாக நான் போடுவேன்.

குடந்தை வாசி
அக்டோபர் 13, காலை 8:20

வயலை மட்டும் பேசுகிறீர்கள், ஊரையும் கொஞ்சம் பாருங்கள். 2018ல் கும்பகோணத்துக்குப் பாதாளச் சாக்கடை சுத்தம் செய்யும் ரோபோ வந்தது, பாண்டிகூட் என்று பெயர். கேரளத்தில் குற்றிப்புரம் பொறியியல் கல்லூரியில் படித்த மாணவர்கள் செய்தது. 2015ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். அந்தச் சாவு அவர்களை உலுக்கியிருக்கிறது. சிலந்திக் கால் மாதிரி விரிந்து குழிக்குள் நிற்கும், கையால் கசடை அள்ளும், வாயுவை அளக்கும், கேமராவில் மேலே இருப்பவர் பார்த்து இயக்குவார்.

அதைப் பார்க்க நான் போயிருந்தேன். பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவர், முன்பு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கியவர். அவர் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். சென்னை ஐஐடியின் ஹோமோசெப் என்ற ரோபோ செப்டிக் டேங்குக்கானது. குறுகலான வாய் வழியாக உள்ளே போய்க் குடை மாதிரி விரியும், இறுகிய கசடைக் கலக்கி உறிஞ்சுவதற்கு வழி செய்யும். செப்டிக் டேங்க்தான் நம் சின்ன ஊர்களில் அதிகம். எனக்கு மற்ற எல்லாக் கண்டுபிடிப்பையும்விட இவை இரண்டும் முக்கியம். மனுஷன் குழிக்குள் இறங்கக் கூடாது.

ஒரத்தநாடு தென்னை
அக்டோபர் 13, மதியம் 1:10

தென்னைநார் விரிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் தோப்பே படுத்துவிட்டது. எழுந்து வந்தவர்களுக்கு நாருக்கு நல்ல விலை வேண்டும். வாய்க்கால் கரைச் சரிவில் நார் வலையை விரித்து, மண் போட்டு, அருகு விதைத்தால் வேர் பிடிக்கும்வரை மண்ணைத் தாங்கும், பிறகு அதுவே மக்கிவிடும். தேங்காய் நாரில் லிக்னின் அதிகம், சணலைவிட ஈரத்தில் நீண்ட நாள் தாங்கும். 2020ல் கிராமச் சாலைத் திட்டத்தில் இதற்கு அனுமதி கிடைத்தது, சென்னை ஐஐடியில் இதற்கென்றே தனி மையமும் அமைந்தது. கரை உடைகிற ஒவ்வொரு வருடமும் மணல் மூட்டை அடுக்குவதைப் பார்க்கும்போது, நார் நம்மிடம், கரை நம்மிடம், நடுவில் ஒரு டெண்டர் வரிதானே குறைகிறது என்று தோன்றுகிறது.

வெட்டாற்றங்கரை
அக்டோபர் 13, இரவு 9:00

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒன்று புலப்படுகிறது. சுடுதண்ணீர் ஊறலும் பிளாஸ்டிக் ரோடும் நிலைத்தது, அவற்றை உள்ளூர் ஆளே செய்யவும் சரிபார்க்கவும் முடிந்ததால். அதே கண்ணோட்டத்தில் உலர்த்தியைத் தேடினால் ஏதாவது கிடைக்குமா?

மாயவரம் ஆய்வு மாணவி
அக்டோபர் 13, இரவு 10:40

கிடைக்கும் அண்ணா. மேகாங் டெல்டாவைப் பாருங்கள். அங்கேயும் நெல், அங்கேயும் மழையில் அறுப்பு. ஹோ சி மின் நகரத்தின் நோங் லாம் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் ஃபான் ஹியூ ஹியென் தலைமையில் ஓர் உலர்த்தி செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் எஸ்ஆர்ஆர், வியட்நாமிய மொழியில் "மிக மலிவான உலர்த்தல்" என்று பொருள். மூங்கில் பாயை வட்டமாக நிறுத்தி ஒரு கூடு, அதற்குள் இன்னொரு சின்னக் கூடு. இரண்டுக்கும் நடுவில் நெல். உள் கூட்டுக்குள் விசிறி வெதுவெதுப்பான காற்றை ஊதும், அது நெல்லைக் கடந்து வெளியே போகும். அவ்வளவுதான்.

அதை எடுத்து வங்கதேச வேளாண் பல்கலைக்கழகம் மாற்றியமைத்தது. மூங்கில் பாய்க்குப் பதில் கம்பி வலை, அடுப்புக்கு உமியை இறுக்கிச் செய்த உமிக்கட்டி. ஒரு தடவைக்கு 500 கிலோ, சில மணி நேரத்தில் உலரும். பெரிய அளவில் வேண்டுமென்றால் நெல்லைத் தட்டையாகப் பரப்பி அடியிலிருந்து காற்று ஊதும் தட்டைப் படுகை உலர்த்தி இருக்கிறது. அதில் அடி நெல் அதிகம் காயும், மேல் நெல் ஈரமாக இருக்கும், நடுவில் கிளறிவிட வேண்டும். கிளறுகிற கூலியை மிச்சப்படுத்த, காற்றைப் பாதி நேரம் மேலிருந்து கீழே திருப்பிவிடும் முறையையும் நோங் லாம் ஆட்களே கண்டார்கள்.

ரோட்டில் காய வைப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. மதியம் தார் ரோட்டுச் சூட்டில் வேகமாகக் காய்ந்து, இரவுப் பனியில் திரும்ப ஈரம் குடிக்கும்போது அரிசிக்குள் கீறல் விழும். ஆலையில் நொய் கூடுவது அதனால்தான். விதை நெல்லுக்குக் காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது.

வெட்டாற்றங்கரை
அக்டோபர் 14, காலை 7:15

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பா நெல் 21 சதவீதம். ஒரு டன்னில் 790 கிலோ உலர்ந்த பொருள். 17க்குக் கொண்டுவந்தால் மொத்த எடை 952 கிலோ. ஆக, வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 48 கிலோ. நெல்லிலிருந்து ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 600 கிலோகலோரி என்று வைத்தால் 28,800. அடுப்பு, காற்று எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் என்று எடுத்தாலும் 30 கிலோ உமி போதும். அதே ஒரு டன் நெல் தருவது 200 கிலோ உமி. நெல் தன்னைத் தானே உலர்த்திக்கொண்டு மிச்சமும் வைக்கிறது!

கடைமடை விவசாயி
அக்டோபர் 14, காலை 9:30

கணக்கு சரி தம்பி. ஆனால் அந்த 48 கிலோ யாருடையது? 40 கிலோ மூட்டையில் ஒன்றுக்கு மேல் எடை போகிறது. அதைப் போக்க மின்சாரக் காசும் கூலியும் நான் தர வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் குத்தகைக்காரர்கள். தளர்வு வரட்டும் என்று ஈரத்தோடு காத்திருப்பது சோம்பலால் இல்லை.

ஆலையம்மா, பாபநாசம்
அக்டோபர் 14, காலை 10:10

ஐயா சொல்வது நியாயம். ஆனால் காத்திருக்கும் குவியலில் முளைத்த நெல்லும் பழுத்த அரிசியும் வருகிறது, அந்த நெல்லை நான் என்ன விலைக்கு எடுக்க முடியும்? விதைக்கு வைப்பவர்களுக்கும் பாரம்பரிய ரகம் போடுபவர்களுக்கும் உலர்த்தி உடனே காசாகும். கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி நொய் இல்லாமல் வந்தால் நான் கூடுதல் விலை கொடுக்கிறேன், இதை எழுதியே தருகிறேன். அங்கே தொடங்கலாமே.

நீடாமங்கலம் பட்டறை
அக்டோபர் 14, இரவு 9:50

நான்கு நாளாகப் படிக்கிறேன், எழுத நேரம் கிடைத்தது இப்போதுதான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போன தையில் இதே மாதிரி ஒன்று நானே செய்து பார்த்தேன், அதில் கற்றதைச் சொல்கிறேன்.

இரண்டு வலைக் கூடு வளைப்பது ஒரு நாள் வேலை. நான் தவறியது விசிறியில். தூற்றும் எந்திரத்து விசிறியைப் பொருத்தினேன். வெறுமனே ஓட்டினால் ஆளைத் தள்ளுகிற காற்று. நெல்லைக் கொட்டியதும் காற்று நெல்லுக்குள் போகாமல் வந்த வழியே திரும்புகிறது. நெல் படுகை காற்றை எதிர்க்கிறது, அதை முட்டித் தள்ள அழுத்தம் வேண்டும். அந்த விசிறியில் காற்றின் அளவு உண்டு, அழுத்தம் இல்லை. ஆறு மணி நேரம் ஓடியும் வெளிப்பக்க நெல் அப்படியே ஈரம். இரண்டாவது, உமியை அடுப்பில் அப்படியே கொட்டினேன். புகையும் பொறியும் நெல்லில் ஏறி, வடித்த சோறு புகை வாடை. வங்கதேசத்தில் உமிக்கட்டி ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

விசிறியின் இறக்கைக் கோணமும் அழுத்தமும் கணக்குப் போட்டுக் கொடுங்கள் தம்பி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பேரிங் இங்கே கடையில் கிடைக்கிற அளவில்தான் போடுவேன், கடைமடை ஐயா கவலைப்பட வேண்டாம்.

வெட்டாற்றங்கரை
அக்டோபர் 15, காலை 6:30

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வருகிறேன் அண்ணே. நெல் கனம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி கூட்டின் அளவை மாற்றினால் விசிறிக்குச் சுமை குறையும், அதைப் பேசுவோம். தங்கை அந்த வங்கதேச உலர்த்தியின் வரைபடம் கிடைத்தால் அனுப்பு. அம்மா, உங்கள் ஆலை ஈரப்பத மீட்டரை ஒரு வாரம் கடன் கேட்கலாமா?

ஆலையம்மா, பாபநாசம்
அக்டோபர் 15, காலை 7:00

மீட்டரும் தருகிறேன், இரண்டு மூட்டை உமியும் ஏற்றி விடுகிறேன். உமிக்கட்டிக்கு ஆள் பார்க்கிறேன். உலர்த்திய நெல்லை என் ஆலையிலேயே அரைத்து நொய் எவ்வளவு என்று நிறுத்துச் சொல்கிறேன், ரோட்டில் காய்ந்த நெல்லையும் பக்கத்தில் வைத்து.

கடைமடை விவசாயி
அக்டோபர் 15, காலை 8:45

தையில் சம்பா அறுக்கும்போது என் களத்துக்குக் கொண்டுவாருங்கள். 500 கிலோ விதை நெல்லுக்கு நான் பொறுப்பு. களத்தில் கரண்ட் இருக்கிறது, ஆனால் சிங்கிள் பேஸ்தான், மோட்டார் எடுக்கும்போது அதைப் பார்த்து எடுக்கச் சொல் தம்பி. எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் பையனையும் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அனுப்பி வைக்கிறேன், செய்யும்போதே பார்த்துக்கொள்ளட்டும்.